கல்வராயன் மலையில் விழுந்த தபால்காரர்

கள்ளக்குறிச்சிக்கு ஒரு ரஷ்யரை அழைத்துக்கொண்டு போகச் சொன்னபோது, நான் முதலில் கேட்டது "எதுக்கு?" என்பதுதான். நான் அந்தப் பக்கத்துக்காரன். மணலூர்பேட்டையில் பிறந்து, திருக்கோவிலூரில் பள்ளிக்கூடம் படித்து, எப்படியோ மாஸ்கோ போய் ஐந்து வருடம் மொழி படித்துவிட்டு, சென்னையில் மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்க என்ன வைத்திருக்கிறது? கரும்பு, நெல், வெயில். மகாபலிபுரம் போகலாம், தஞ்சாவூர் போகலாம், அதை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியா?

"அவர்தான்யா கேக்கறாரு. அவர் படத்த ஒருத்தர்கூடப் பாக்காத இடமா வேணுமாம்" என்றார் அவரை வரவழைத்திருந்த நட்புறவுச் சங்கத்தின் செயலாளர்.

அப்புறம்தான் யார் வருகிறார் என்று சொன்னார். நான் உடனே சரி என்றேன்.

பாவெல் இக்னாதிச். மாஸ்கோவில் நான் இருந்த காலத்தில் முடிவெட்டும் கடையிலும் ரொட்டிக் கடையிலும் அவர் படம் தொங்கும். படங்களில் அவருக்குத் தபால்காரன் வேடம். தொப்பி, பழுப்புத் தோல் பை, தடுக்கித் தடுக்கி நடக்கும் நீளக் கால்கள். படத்துக்குப் படம் விழுவார். விழும்போது பை திறந்து கடிதங்கள் எல்லாம் பறக்கும். அவ்வளவுதான் வேடிக்கை, ஆனால் தியேட்டரே புரளும். முதல் வருடக் குளிரில், ஊர் ஞாபகத்தில் தினமும் அழுதுகொண்டிருந்த நான், அந்த நாட்டில் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அவர் படத்தில்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. பின்னால் நான் செய்த கிறுக்குத்தனத்துக்குக் காரணமும் அந்த நன்றிதான்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் மாவட்டத்தில் எந்த நாள் எந்த ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சிக்கு நாங்கள் தப்பிப் போய்ச் சேர்ந்தோம். படப்பெட்டியும் புரொஜக்டரும் ஏற்றிய வேன் எங்களுக்குப் பின்னால் வந்தது. அது உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாவெல் இக்னாதிச்சிடம் விஷயத்தைச் சொல்லி, திரும்பிவிடலாமா என்று கேட்டேன்.

"படம் இல்லாவிட்டால் என்ன? நான் இருக்கிறேனே. அதுதான் எனக்கும் வேண்டும்" என்றார்.

மெஸ்ஸில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. "காய் வண்டி வரல சார். சாம்பார் கம்மி, பொடி ஜாஸ்தி. பரவால்லியா?" என்றார் பரிமாறியவர். மிளகாய்ப் பொடி குழைத்த இட்லியை வாயில் போட்ட மனிதருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இரண்டு டம்ளர் மோர் குடித்தார். அப்புறம் இன்னொரு இட்லி கேட்டார். அவர் ஊரில் ஆயுசுக்கும் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் உப்பை மட்டும் நம்பித் தின்கிறார்கள், பாவம். ஐந்து வருடம் நானும் தின்றவன்.

சாப்பிட்டுக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னார். மறுபடி தபால்காரன் வேடம் போட ஸ்டுடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து வருடமாக அவர் நடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பதில் சொல்லியாக வேண்டும்.

"எங்கள் நாட்டில் நான் வெறுமனே நின்றாலே சிரிக்கிறார்கள். பழைய ஞாபகத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் வேலை தெரியுமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைத் தெரியாதவர்கள் முன்னால் விழப்போகிறேன். சிரித்தால் நடிப்பேன். சிரிக்காவிட்டால் இதோடு சரி."

நான் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னேன், எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள் என்று. யார் என்னைச் சொல்லச் சொன்னது?

மறுநாள் காலை கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கார் வடக்கனந்தல் வரைதான் ஓடியது. டிரைவர் மணி அதற்குமேல் வர மாட்டேன் என்று இறங்கிவிட்டார். "கண்ணாடி ஒடைஞ்சா மொதலாளி என்னதான் கேப்பாரு. எங்க சித்தப்பா வூடு இங்கதான் கீது, வண்டிய அங்க நிறுத்திக்கினு இருக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க சார்." போய்ட்டு வாங்க என்றால் எதில்? அந்த நேரம் உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. மாஸ்கோவில் கறுப்புக் காரில் போகிற மனிதரை மூட்டை மேல் உட்காரவைத்து அடிவாரம் வரை கொண்டுபோனேன். அங்கிருந்து அரிசி, மண்ணெண்ணெய் ஏற்றிய ஒரு ஜீப். வளைவுக்கு வளைவு நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அவர் என்னமோ சர்க்கஸுக்கு வந்தவர்போல உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அவர் சர்க்கஸிலிருந்து வந்தவர்தானாம். வோல்கா கரையில் சின்ன ஊர், அப்பா ரொட்டி சுடுபவர். பன்னிரண்டு வயதில் சர்க்கஸில் மரத்தூள் அள்ளப் போனார். குதிரை ஓட்டுபவர்களிடம் அடிபடாமல் விழக் கற்றுக்கொண்டார். அப்புறம் போர் வந்தது. தொலைபேசிக் கம்பி சுமந்து ஓடும் வேலை. தொடையில் குண்டுச் சில்லு பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒருநாள் வேண்டுமென்றே கட்டிலிலிருந்து விழுந்து காட்டினாராம். வார்டு முழுக்கச் சிரித்தது. இரண்டு கையும் போன ஒருவர் தட்டக் கையில்லாமல் காலால் கட்டிலைத் தட்டினார்.

"அன்றைக்கு முடிவு செய்தேன், இதுதான் என் வேலை என்று" என்றார். ஜீப் குலுங்கியதில் ஒரு மண்ணெண்ணெய் டின் என் காலில் விழுந்தது. அதற்கும் அவர் சிரித்தார்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். ஊர்ப் பெரியவர் சடையன் எங்களை அழைத்துப்போய் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். குழம்பைப் பாவெல் இக்னாதிச் மூன்று தரம் கேட்டு வாங்கிக்கொண்டதில் சமைத்த குப்பாயிக்கு ஒரே பெருமை. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும், சடையனின் தங்கை, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். "நல்லா துண்றாரு மனுசன். நீதான் கோழி மாதிரி கொத்திக்கினு கீற" என்று என்னைச் சொன்னாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊர் கூடியது. ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள்கூட நின்றார்கள். இங்கேதான் நான் கெடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரைச் சபையில் நிறுத்தினால் சும்மா விட மாட்டோம். துண்டு போர்த்துவோம், மாலை போடுவோம், அவருடைய அருமை பெருமைகளைச் சொல்லித்தான் பேச விடுவோம். நான் துண்டு போர்த்தினேன். சாமந்தி மாலை போட்டேன். போட்டுவிட்டுக் கால்மணி நேரம் பேசினேன். அறுபத்தெட்டு வயது என்றேன். போரில் குண்டடி பட்டவர் என்றேன். சம்சாரம் போன வருசம் தவறிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை, ஒண்டியாக இருக்கிறார், அப்படிப்பட்டவர் நம்மைப் பார்க்க எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் பாருங்கள் என்றேன். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார் பாவெல் இக்னாதிச்.

"உங்களைப் புகழ்ந்தேன்" என்றேன்.

அவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டார். படங்களில் மாட்டிய அதே தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். நான் திரையில் பார்த்த அதே நடை. எனக்கு அப்போதே சிரிப்பு முட்டிவிட்டது. நடு முற்றத்தில் பை வார் காலில் சிக்கியது. ஒரு கால் மேலே போனது, இன்னொரு காலும் போனது, ஒரு நொடி அந்தரத்தில் படுத்திருந்தார். அப்புறம் தொப்பென்று மண்ணில் விழுந்தார். கடிதங்களுக்குப் பதிலாக அவர் வைத்திருந்த பழைய செய்தித்தாள் துண்டுகள் பறந்தன.

ஒரு சத்தம் இல்லை. அடுத்த நொடி ஊரே எழுந்தது.

"ஐயையோ! புடிங்கப்பா! வயசானவரு வுழுந்துட்டாரு பாருங்க!" குப்பாயிதான் முதலில் ஓடினாள். நாலைந்து பேர் அவரை அலாக்காகத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருத்தி தலையைத் தடவிப் பார்த்தாள். ஒருவர் முழங்காலை நீவினார். குப்பாயி என் பக்கம் திரும்பி, "நீ இன்னா நட்டு வெச்ச கம்பம் மாதிரி நின்னுக்கினு கீற? இட்டுக்கினு வந்தவன் நீதான?" என்று கத்தினாள்.

"அம்மா, இது நடிப்பும்மா. அவரு வேணும்னுதான் வுழறாரு."

"வேணும்னு யாருனா வுழுவாங்களா? தல சுத்துதுன்னு சொல்ல வெக்கப்படறாரு. இதுகூடத் தெரியல, நீயெல்லாம் படிச்சவன்."

பாவெல் இக்னாதிச் விடவில்லை. மறுபடி அந்தக் கோடிக்குப் போனார், நடந்தார், விழப்போனார். இம்முறை தரையைத் தொடவே விடவில்லை. இரண்டு பேர் பக்கத்திலேயே நடந்து வந்து அந்தரத்திலேயே பிடித்துவிட்டார்கள். மூன்றாவது முறைக்கு அவர் திரும்பியபோது சடையன் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். "மொதல்ல படுக்கச் சொல்லுங்க. ஆட்டமெல்லாம் காலைல பாத்துக்கலாம்." முப்பது வருடத்துக்கும் மேல் பல்லாயிரம் பேரைச் சிரிக்கவைத்த மனிதரைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, சிரிக்கறதுக்குத்தாங்க அவரு வந்துகிறாரு!" என்று கையை வீசிக்கொண்டு நடுவில் போனேன். அவர் முகம் கழுவக் கொண்டுவந்த குடம் சாய்ந்து அங்கே சேறாகிக் கிடந்தது. கால் வழுக்கி, பின்புறம் பதிய உட்கார்ந்தேன்.

ஊர் சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சடையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். என்னைத் தூக்க ஒரு ஆள் வரவில்லை.

"இப்ப மட்டும் சிரிக்கறீங்க?" என்றேன், சேற்றிலிருந்தபடியே.

"நீ வயசுப் பையன், வுழுந்தா எழுந்துக்குவ, சிரிக்கறோம்" என்றாள் குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மால போட்ட விருந்தாளி, பொண்டாட்டி செத்தவரு, அவரு வுழுந்தா சிரிக்கலாமா? நாங்க இன்னா மனுசங்க இல்லையா?"

கட்டிலிலிருந்து பாவெல் இக்னாதிச் என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி விழுந்தீர்கள்? இன்னொரு முறை காட்டுங்கள்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. தொழில்காரன் தொழில்காரனைக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

குப்பாயி நொச்சி இலையை வதக்கி அவர் முழங்காலில் வைத்துக் கட்டினாள். அவள் போனதும் நான் பேசியது அத்தனையையும் ரஷ்ய மொழியில் சொல்லி, குற்றம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முழங்கால் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னார்.

ஒருமுறை ஒரு படத்தில் மகன் இறந்த செய்தியைக் கேட்கிற தகப்பன் வேடம் கொடுத்தார்களாம். உயிரைக் கொடுத்து நடித்தார். முதல் காட்சியில் அவர் கதவைத் திறந்து வந்ததுமே தியேட்டர் சிரித்தது. அவர் வந்த இடங்களை எல்லாம் வெட்டி எறிந்தார்கள்.

"அது போகட்டும், தொழில். போன வருடம் என் மனைவியை அடக்கம் செய்யப் போனோம். பனி. படியில் கால் தடுக்கி விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் இல்லை, பல பேர். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் யாரும் வந்து தூக்கவில்லை. நான் எழுந்து என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்."

அவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் இறங்கினோம். சடையன் ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பினார். நல்லவேளையாக வடக்கனந்தலில் மணியும் காரும் முழுசாக இருந்தார்கள். கொஞ்ச தூரம்தான் போனோம், ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம். ரோடு முழுக்கக் கிளையும் இலையும். அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. முந்தின நாள் பக்கத்து ஊரில் போலீஸ் புகுந்து அடித்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. மணி காரை அங்கேயே திருப்பிக்கொண்டார். "நடந்தே போய்டுங்க சார், தெறந்ததும் நான் வரேன்."

"இன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் பாவெல் இக்னாதிச். நான் வாயைக் கையால் மூடிக் காட்டினேன்.

மரத்திலிருந்து ஒரு இளைஞன் எழுந்து வந்தான். "யாருங்க? அதிகாரிங்களா? எங்க போறீங்க?" நான் பதில் சொல்லவில்லை. பாவெல் இக்னாதிச் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு, நேராக மரத்தின்மேல் ஏறினார். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டார். பை வார் ஒரு கிளையில் மாட்டியது. இழுத்தார். கிளையும் இழுத்தது. இவர் விட்டுக்கொடுத்தார், கிளை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியே தலைகீழாக மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பை மட்டும் கிளையில் ஆடியது. அதிலிருந்து இரண்டு காலுறை, ஒரு பனியன், சோப்புப் பெட்டி என்று ஒவ்வொன்றாக அவர்மேல் விழுந்தன. கடைசியில் தேன் பாட்டில் வந்தது. படுத்தபடியே அதை மட்டும் பிடித்துவிட்டார்.

முதலில் ஒருவன் களுக்கென்றான். அப்புறம் மரமே குலுங்கியது. சிரித்தார்கள், அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நாலு பேர் குதித்துப்போய் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். ஒருவன் சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முதுகு மண்ணைத் தட்டினான். இன்னொருவன் காலுறைகளைப் பொறுக்கினான். "அடி பட்சா, பெரியவரே? அட, நெஜமா கேக்கறேன், அடி பட்சா?" என்று கேட்டுக் கேட்டு அவனும் சிரித்தான்.

அவர் நடித்தாரா, நிஜமாகவே விழுந்தாரா, எனக்குத் தெரியாது. பிற்பாடு கேட்டேன். அவர் சொல்லவில்லை.

பெரிய அண்டாவில் தக்காளிச் சோறு செய்து வைத்திருந்தார்கள். எங்களையும் உட்காரவைத்து வாழை இலையில் போட்டார்கள். முதலில் எங்களை நிறுத்திய இளைஞன் பெயர் பாலு. பி.எஸ்சி. முடித்து நாலு வருடம் ஆகிவிட்டது, கரும்பு வெட்டுகிறான். இது எதற்கு என்று பாவெல் இக்னாதிச் கேட்டதை அவனிடம் சொன்னேன்.

"படிப்புலயும் வேலையிலயும் எங்க ஜனத்துக்குன்னு பங்கு குடுங்கன்னு கேக்கறோம், அவ்ளோதான். எழுதிக் குடுத்தோம், யாரும் படிக்கல. இப்பப் படிக்கறாங்க."

"மரத்தை மறுபடி யார் வைப்பார்கள் என்று கேட்கிறார்" என்றேன்.

பாலு மரத்தைப் பார்த்தான். "மொதல்ல வெச்சதும் எங்க தாத்தனுங்கதான், ரோட்டுக் கூலிக்கு. நாங்களே வெப்போம்னு சொல்லுங்க." சொன்னேன். பாவெல் இக்னாதிச் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தேன் பாட்டிலை அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

எங்களுக்காக ரோடு ஒன்றும் திறந்துவிடவில்லை. கள்ளக்குறிச்சிக்கு வெயிலில் நடந்தோம்.

"சிரித்தார்களே!" என்றேன் நான், என்னவோ நானே சாதித்ததுபோல. "நடிப்பீர்கள் அல்லவா?"

"சிரித்தார்கள். தூக்கவும் தூக்கினார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்து நான் பார்த்ததில்லை." பை வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். "கதையில் இரண்டு இடம் மாற்றச் சொல்வேன். மாற்றினால் நடிப்பேன்."

அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. முழங்கால் நன்றாக இருக்கிறது, மருத்துவருக்கு வணக்கம் என்று எழுதியிருந்தார். குப்பாயிக்குச் சொல்லி அனுப்பினேன். சில வருடங்களில் அந்த நாடே வேறு நாடாகிவிட்டது. ஒருநாள் செய்தித்தாளின் மூலையில் அவர் காலமான செய்தி நாலு வரி வந்தது. அஞ்சலியாக அவருடைய கடைசிப் படத்தைச் சென்னையில் ஒரு சின்ன அரங்கில் போட்டார்கள். போனேன்.

பனிக் கிராமம் ஒன்றில் தபால்காரர் விழுகிறார். ஜன்னல்களில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து தூக்குகிறார்கள். தலையில் துணி கட்டிய ஒரு பெண், கம்பம் மாதிரி நிற்கிற ஒல்லி வாத்தியாரைப் பிடித்துத் திட்டுகிறாள். வாத்தியார் கையை வீசிக்கொண்டு வந்து சேற்றில் உட்காருகிறார். அவரை ஒருவரும் தூக்கவில்லை. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

படத்தின் கடைசியில் தபால்காரர் ஊரை விட்டுப் போகிறார். நீளமான வெள்ளை ரோடு, ஒரு ஆள் இல்லை. அதே நடை. வார் காலில் சிக்குகிறது. விழுகிறார். கடிதங்கள் பறக்கின்றன. அவர் எழுந்திருக்கவில்லை. அரங்கம் குலுங்கச் சிரித்தது. யாராவது ஓடிவருவார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை, ரோடு காலியாகக் கிடந்தது.

பின் வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"சார், உக்காருங்க. எழுந்து நின்னுக்கினு இருக்கீங்க, மறைக்குது."